மசாஜில் எனக்கென்று ஒரு முறை எப்படி வரும்?

பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆகியும் சொல்லிக்கொடுத்த வரிசையையே செய்துகொண்டிருக்கிறேன், எனக்கென்று ஒரு முறை எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன், அந்த வரிசையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் வகைப்படுத்திய அசைவுகள்தான் இன்றைக்கும் ஸ்வீடிஷ் மசாஜின் அடிப்படை. அவை யோசிக்காமலே கையில் வந்தால்தான், கைக்குக் கீழே இருக்கும் உடம்பைக் கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கும்.

என்னை மாற்றியது ஒரே ஒருவர்தான். தோள்பட்டை கல்லாக இறுகிப்போய் வந்திருந்தார், நன்றாக அழுத்தினால்தான் பிடிப்பு விடும் என்று நம்பி நானும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன், வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொன்னார், ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு கால் விரல்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். அதைக் கவனிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அவர் மூச்சை விடும்போது மட்டும் உள்ளே போய், இழுக்கும்போது அப்படியே நின்றேன். ஏழெட்டு மூச்சில் தோள் மேசையில் படிந்தது. அன்றிலிருந்து வாய் சொல்லும் பதிலோடு மூச்சையும் சேர்த்தே கேட்கிறேன், என் முறை என்று ஏதாவது இருந்தால் அது இங்கே தொடங்கியதுதான்.

அடுத்தது வேகம். மெதுவான வருடலுக்கென்றே சில மெல்லிய நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன, நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வரை கை நகரும்போதுதான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. இதைப் படித்த பிறகு இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு தடவலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், மூன்று நொடிகூட இல்லை! இப்போது பத்து நொடி. நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. எனக்குக் கட்டைவிரல் மூட்டு வலிக்க ஆரம்பித்தபோதுதான் முன்கையையும் உடம்பின் எடையையும் பயன்படுத்தக் கற்றேன். ஷியாட்சு என்ற ஜப்பானிய அழுத்த முறையில் கையால் தள்ளாமல் எடையைச் சாய்த்துத்தான் அழுத்துவார்கள், அது பெரிய பாடம். நீங்களும் வேறு வேறு ஆட்களிடம் போய்ப் படுத்துப் பாருங்கள், எது பிடிக்கிறது, எது எரிச்சல் தருகிறது என்று உடம்பே சொல்லும்.

இதைக் குணமாக்கும் கலை என்று நானும் மனதார நம்புகிறேன், அதனாலேயே இல்லாததைச் சொல்லக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். மசாஜ் நச்சை வெளியேற்றும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலமும் நாம் தொடாமலே ஒரு மணி நேரத்தில், அதற்கு முன்பேகூட, இறங்கிவிடும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அங்கே கையே வைக்காதீர்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அடுத்த பத்து பேருக்கு முதுகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே வரிசை, பாதி வேகம். ஒவ்வொருவரும் கிளம்பியதும், மூச்சு எந்த இடத்தில் மாறியது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். பதினொன்றாவது ஆள் வரும்போது அந்த வரிசையில் எதை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.