மண் மாதிரி முதல் மூடாக்கு வரை: கேள்வி-பதில்

கேள்வி: மண் சரியில்லை. என்ன போடலாம்?

பதில்: மண்ணின் வகை, கார அமிலநிலை, சென்ற பருவத்துப் பயிர் என எதையுமே எழுதாமல் கேட்டால் எதைச் சொல்வது? சோதித்த பிறகே எதையும் இட வேண்டும். ஆய்வு முடிவுடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரே நிலத்து மண்ணை இருமுறை அனுப்பினேன், முடிவுகள் வெவ்வேறாக வந்தன. ஆய்வகத்தை நம்பலாமா?

பதில்: ஆய்வகத்தைச் சந்தேகிக்கும் முன் மாதிரி எடுத்த முறையைச் சந்தேகியுங்கள். முதல் மாதிரியை வரப்போரத்திலும் இரண்டாவதை எருக்குழி அருகிலும் எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை உங்கள் பயிர் நிற்கும் மண்ணைப் பற்றி எதுவும் சொல்லமாட்டா. பழைய உரச் சாக்கில் மண்ணைக் கட்டி அனுப்புவோரும் குறையவில்லை. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த மாதிரியில் வெள்ளை உரக் குருணைகள் கண்ணுக்கே தெரிந்தன. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் குப்பையை விலக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். அனைத்தையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தி, புதுத் துணிப்பையில் இடுங்கள். எரு இட்டு மூன்று மாதமாவது ஆகாத நிலத்தில் மாதிரி எடுப்பது வீண் வேலை.

கேள்வி: என் மண்ணில் அங்ககக் கரிமம் (மட்கிய எரு, தழைகளிலிருந்து சேரும் கரிமம்) 0.4 விழுக்காடு. ஓராண்டில் ஒரு விழுக்காடாக்கலாமா?

பதில்: இயலாது. ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறக்குறைய 850 டன் எடையிருக்கும், 0.6 விழுக்காடு கூட வேண்டுமானால் 5 டன் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். இடும் மட்கில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு காற்றில் விட்டுவிடும். உழவைக் குறைத்து, ஆண்டு முழுவதும் வேர் உள்ள நிலமாக வைத்திருங்கள்.

கேள்வி: வைக்கோல் மூடாக்கால் செடிகள் மஞ்சளாகுமா?

பதில்: மேலே பரப்பினால் ஆகாது. மண்ணோடு கலந்தால்தான், வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், அது கிடைக்காமல் செடி மஞ்சளாகும். கலந்துவிட்டீர்கள் என்றால் தொழுவுரமோ பசுந்தழையோ சேருங்கள். எவ்வளவு என்பதை, வழக்கம்போல் சொல்கிறேன், சோதித்த பிறகு முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: ஓரடிக் குழியில் ஒரு மண்புழுவும் இல்லை. வாங்கி விடலாமா?

பதில்: வேண்டாம். உரத்தொட்டியில் வளர்ப்பவை குப்பையில் வாழும் இனங்கள். வெறும் மண்ணில் தங்கா. காய்ந்த மண்ணில் தேடியிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. மூடாக்கிட்டு, நல்ல மழைக்குப் பின் மீண்டும் தோண்டி எண்ணுங்கள்.