வாங்க வர்றவர் பாஸ்வேர்டு கேக்குறார், குடுக்கலாமா?

கேள்வி: நாலு வருஷமா ரெஸ்யூம், இன்வாய்ஸ் டெம்ப்ளேட் விக்கிற வெப்சைட் நடத்துறேன், கொஞ்சம் விளம்பர வருமானமும் வருது. இப்ப விக்கலாம்னு இருக்கேன். வாங்க வந்தவர் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப மாட்டேங்குறார். அட்மின் பாஸ்வேர்டு, பேங்க் லாகின், கஸ்டமர் லிஸ்ட் மூணும் குடுத்தா தான் விலையே பேசுவாராம். என்ன பண்றது?

பதில்: மூணுல ஒண்ணு கூட இப்ப குடுக்காதீங்க. அதே சமயம் அவர் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாததுல தப்பே இல்ல, பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் போட்டா யார் வேணா ரெண்டு நிமிஷத்துல எந்த நம்பரையும் மாத்தி படம் புடிச்சிடலாம், அதனால அவர் கேக்குற ஆதாரம் நியாயம், கேக்குற வழி தான் தப்பு.

முதல்ல என்டிஏ, அதாவது ரகசியம் காக்குற ஒப்பந்தம். நெட்ல கிடைக்கிற மாடலை அப்படியே போட்டு கையெழுத்து வாங்கிடாதீங்க, அதுல பல மாடல்ல "வெளிய சொல்ல மாட்டேன்"னு மட்டும் தான் இருக்கும். உங்க சைட்டை பாத்து இன்னொண்ணு ஆரம்பிக்கிறவன் யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே! "வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண மட்டும் தான் யூஸ் பண்ணுவேன், கஸ்டமரையும் டிசைனரையும் நேரா தொடர்பு கொள்ள மாட்டேன், டீல் நடக்கலன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவேன்"னு மூணு வரி கட்டாயம் இருக்கணும்.

அது முடிஞ்சதும் கூகுள் அனலிடிக்ஸ்ல (சைட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு காட்டுற கருவி) அவரை வியூவரா சேருங்க, அவரால பாக்க மட்டும் தான் முடியும், எதையும் மாத்த முடியாது. வருமானத்துக்கு வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி நீங்களே லாகின் பண்ணுங்க, எந்த மாசத்தை திறக்கணும்னு அவர் சொல்லட்டும். அப்புறம் பேமென்ட் கேட்வே (ஆன்லைன்ல கஸ்டமர்கிட்ட பணம் வாங்கித் தர்ற சேவை) ரிப்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், வரி கணக்கு மூணும் ஒத்துப் போகணும், வித்தியாசம் இருந்தா (ரீஃபண்ட், கேட்வே கமிஷன்னு நிச்சயம் இருக்கும்) அதுக்கு நீங்களே முன்னாடியே ஒரு ஷீட்ல விளக்கம் எழுதி வைங்க. அவர் கண்டுபிடிச்சு கேட்ட பிறகு சொன்னா உண்மையே சாக்கு மாதிரி தான் கேக்கும்.

கஸ்டமர் லிஸ்ட் அடுத்தவங்களோட தனிப்பட்ட தகவல். பேரையும் மெயிலையும் மறைச்சுட்டு ஆர்டர் தேதி, தொகை, திரும்ப வாங்கினாரா இல்லையா, இது மட்டும் குடுங்க. ஐரோப்பிய யூனியன்ல உங்களுக்கு கஸ்டமர்ஸ் இருந்தா 2018ல இருந்து அமல்ல இருக்குற ஜிடிபிஆர், அதாவது அவங்களோட தகவல் பாதுகாப்பு சட்டம், உங்களையும் புடிக்கலாம். முழு லிஸ்ட் கைமாறுறது டீல் முடியும்போது தான், அதுவும் உங்க பிரைவசி பாலிசி அனுமதிக்குதான்னு பாத்துட்டு.

விலை விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. சின்ன பிசினஸ்ல லாபத்தோட ஓனர் எடுக்குற சம்பளத்தையும் ஒரே தடவை வந்த செலவையும் கூட்டி, அதை ரெண்டு பேரும் ஒத்துக்கிற ஒரு எண்ணால பெருக்கி தான் பொதுவா விலை பேசுவாங்க. ரசீது இல்லாத செலவை கூட்டாதீங்க.

நீங்க கேக்காத, ஆனா எனக்கு ரொம்ப கவலையா இருக்குற விஷயம், அந்த டெம்ப்ளேட் எல்லாம் யார் வரைஞ்சது? ஃப்ரீலான்சர்னா, காசு குடுத்ததால மட்டும் காப்பிரைட் உங்களுக்கு வந்துடாது, பெரும்பாலான நாடுகள்ல எழுத்துல மாத்திக் குடுத்தா தான் உண்டு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்குங்க, டீல் பேச்சு சூடு புடிக்கிறதுக்கு முன்னாடியே. விக்கப் போறீங்கன்னு தெரிஞ்ச பிறகு அந்த கையெழுத்துக்கு தனி விலை வந்துடும். ஃபான்ட் லைசென்ஸ், டொமைன் (வெப்சைட் முகவரி) யார் பேர்ல இருக்கு, இதையும் பாத்துடுங்க.

இன்னொண்ணு, நீங்க இப்ப காட்டுற ஒவ்வொரு நம்பரும் விற்பனை ஒப்பந்தத்துல உங்க உறுதிமொழியா வந்து உக்காரும், தப்பா இருந்தா வித்து ஒரு வருஷம் கழிச்சும் நஷ்ட ஈடு கேட்டு வரலாம். அதனால டிராஃபிக் இறங்கின மாசம் இருந்தா இப்பவே எழுத்துல சொல்லிடுங்க. பொறுப்புக்கு ஒரு உச்ச தொகையும் காலக்கெடுவும் ஒப்பந்தத்துல போடுங்க, ஆனா தெரிஞ்சே மறைச்சா அந்த உச்ச வரம்பு பொதுவா உங்களை காப்பாத்தாது.

பணத்தை எஸ்க்ரோல போட சொல்லுங்க, அதாவது டீல் முடியுற வரைக்கும் பணத்தை நடுவுல வெச்சிருக்குற மூணாவது ஆள்கிட்ட. டொமைன் டாட் காம்னா, ஓனர் பேரை மாத்தின பிறகு வேற ரிஜிஸ்ட்ரார்க்கு (டொமைன் பதிவு பண்ற கம்பெனி) கொண்டுபோக, டொமைன் பேரை நிர்வகிக்கிற அமைப்பான ஐகேன் விதிப்படி 60 நாள் வரைக்கும் லாக் ஆகலாம், அதே ரிஜிஸ்ட்ரார்ல அவரையும் ஒரு அக்கவுண்ட் திறக்க சொல்லி அங்கயே மாத்துறது சுலபம். உங்க விளம்பர வருமானம் கூகுளோட ஆட்சென்ஸ் மூலமா வருதுன்னா, அந்த அக்கவுண்டை அடுத்தவருக்கு மாத்தித் தர முடியாது, அவர் புதுசா எடுக்கணும், அதை இப்பவே சொல்லிடுங்க.

அவருக்கு இன்னைக்கே இப்படி மெயில் போடுங்க: "பாஸ்வேர்டு தர முடியாது. என்டிஏ இணைச்சிருக்கேன், கையெழுத்து போட்டு அனுப்பினா அடுத்த நாளே வியூவர் ஆக்சஸ் தர்றேன், ஸ்கிரீன் ஷேருக்கு நேரம் சொல்லுங்க." நிஜமா வாங்க வந்தவர்னா இதுக்கு ஒத்துப்பார். அப்பவும் பேங்க் லாகின் தான் வேணும்னா, அவர்கிட்ட பேச்சை நிறுத்திட்டு அடுத்த ஆளை பாருங்க.