கேளுங்கள், சொல்கிறேன்: பழங்கிரேக்கத் தத்துவவாதிகளும் அவர்களின் பள்ளிகளும்

தேலீஸ் தொடங்கி மார்க்கஸ் அரேலியஸ் வரை, அதாவது கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரை, கிரேக்க, ரோமானியத் தத்துவம் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லை தாண்டினால் வேறு ஆளைக் கைகாட்டுவேன். ஒரே ஒரு வேண்டுகோள்: 'இது பிளேட்டோ சொன்னது' என்று ஒரு வாசகத்தைக் கொண்டுவருகிறவர்கள், அது எந்த நூலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

கத்துக்குட்டி: ஐயா, நான் புதியவன். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஸ்டோயிக் என்று பெயர்கள்தான் தெரியும். யாருக்கு யார் என்ன உறவு?

நல்ல தொடக்கம் தம்பி. சாக்ரடீஸ் பள்ளி நடத்தவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. ஏதென்ஸ் கடைத்தெருவில் ஆட்களை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கி.மு. 399இல் அவருக்கு மரண தண்டனை. அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களில் ஒருவர் பிளேட்டோ. நகர மதிலுக்கு வெளியே ஒரு தோப்பில் கி.மு. 387 வாக்கில் அகாதமியைத் தொடங்கினார். அங்கே 17 வயதில் வந்து சேர்ந்த அரிஸ்டாட்டில், பிளேட்டோ இறக்கும்வரை சுமார் 20 ஆண்டுகள் இருந்தார். பிறகு கி.மு. 335இல் லைசியத்தில் தனிப்பள்ளி கண்டார். இது குரு, சீடர் வரிசை.

அலெக்சாந்தர் இறந்த அடுத்த தலைமுறையில் ஏதென்ஸுக்கு இரண்டு புதியவர்கள் வருகிறார்கள். எபிகூரஸ் ஒரு வீட்டையும் தோட்டத்தையும் வாங்கினார். அவருடைய பள்ளிக்குப் பெயரே 'தோட்டம்'. சைப்ரஸ்காரரான ஜீனோ வியாபாரி. கப்பல் உடைந்து ஏதென்ஸில் கரையேறி, ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்து சாக்ரடீஸைப் பற்றி அவருடைய சீடர் செனபன் எழுதியதை வாசிக்கக் கேட்டாராம். "இப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள்?" என்று கடைக்காரரைக் கேட்க, அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன கிராட்டஸைக் காட்டி "அவர் பின்னால் போ" என்றாராம் அவர். கிராட்டஸ் டயோஜீனிஸ் வழிவந்த சினிக், அதாவது உடைமைகளையும் ஊர் வழக்கங்களையும் உதறி எளிமையாக வாழ்ந்தவர்களில் ஒருவர். பிற்பாடு கி.மு. 300 வாக்கில் ஓவியம் தீட்டிய 'ஸ்டோவா' என்ற தூண் மண்டபத்தில் ஜீனோ பாடம் சொல்லத் தொடங்கினார். அங்கே கூடியவர்கள் ஸ்டோயிக்குகள்.

கப்பல் கதையை எழுதிவைத்த டயோஜீனிஸ் லாயர்ட்டியஸ் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்காரர். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள். ரசியுங்கள், சத்தியம் செய்யாதீர்கள்.

வழிப்போக்கன்: 'உன்னையே நீ அறிவாய்' சாக்ரடீஸ் சொன்னதுதானே? மேடையிலும் திரையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

நானும்தான். ஆனால் அது டெல்ஃபி அப்பல்லோ கோயிலில் பொறித்திருந்த வாசகம். சாக்ரடீஸ் அதை எடுத்தாண்டார்.

அவர் விஷம் குடிக்கும் காட்சியும் நமக்கு மனப்பாடம். அதற்கு மூலம் பிளேட்டோவின் 'ஃபீடோ'. விஷம் கொடுத்த ஆள் பாதத்தை அழுத்தி "தெரிகிறதா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறார் சாக்ரடீஸ். பிறகு கெண்டைக்கால், சில்லிட்டு விறைத்துக்கொண்டே மேலே வருகிறது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் கடைசியாக நண்பரிடம் சொல்கிறார்: "கிரிட்டோ, அஸ்கிளீபியஸுக்கு (மருத்துவத் தெய்வம்) நாம் ஒரு சேவல் கடன்பட்டிருக்கிறோம், மறக்காமல் கொடுத்துவிடு." பக்கத்தில் நின்று பார்த்தது போன்ற எழுத்து. ஆனால் அதே நூலின் தொடக்கத்தில், அன்று சிறையில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலில் ஒரு வரி வருகிறது: பிளேட்டோ உடல்நலமில்லாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். எழுதியவரே 'நான் அங்கே இல்லை' என்று நுழைவாயிலிலேயே சொல்லிவிடுகிறார்! இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

நெய்தல்: எபிகூரஸ் என்றால் 'தின்று குடித்து மகிழ்' என்பதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் கெட்ட பெயரை ஒட்டியவர்கள் போட்டிப் பள்ளிக்காரர்கள்.

எபிகூரஸ் நண்பருக்கு எழுதிய கடிதத் துணுக்கு ஒன்று இருக்கிறது: "ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, எப்போதாவது விருந்து வேண்டுமென்றால் உண்ணலாம்." அவருக்கு அதுவே ஆடம்பரம். இன்பமே நோக்கம் என்றார், மெய்தான். அந்த இன்பத்துக்கு அவர் தந்த விளக்கம், உடலில் வலியில்லாமலும் மனத்தில் கலக்கமில்லாமலும் இருப்பது. கலக்கத்துக்குப் பெரிய காரணங்கள் தெய்வங்களைப் பற்றிய பயமும் சாவு பயமும். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, பிறகென்ன பயம் என்று கேட்டார். உலகம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது, தெய்வங்கள் நம் வம்புக்கு வருவதில்லை என்ற அவருடைய இயற்பியல்கூட இந்தப் பயங்களைப் போக்கத்தான்.

தோட்டத்தில் பெண்களுக்கு இடமிருந்தது, அடிமைகளுக்கும். அவரோடு சேர்ந்து தத்துவம் பயின்ற மீஸ் என்ற அடிமைக்கு உயிலில் விடுதலை எழுதினார். பிற பள்ளிகளிலிருந்து எபிகூரஸிடம் போனவர்கள் உண்டு, அங்கிருந்து யாரும் திரும்பவில்லையே என்று அகாதமித் தலைவர் ஆர்கெசிலாவுஸை ஒருவர் சீண்டினார். "ஆணுக்கு விதையடிக்கலாம், விதையடித்தவனைத் திரும்ப ஆணாக்க முடியுமா?" என்றாராம் இவர். பொறாமையின் நாற்றம் எனக்கு அடிக்கிறது.

சுமார் 450 ஆண்டுகள் கழித்து, இன்றைய துருக்கியில் உள்ள ஒய்னோவாண்டா என்ற ஊரில், நோயுற்ற முதியவர் ஒருவர் எபிகூரஸின் போதனையை ஒரு நீண்ட சுவர் முழுக்கக் கல்வெட்டாக்கினார். உள்ளூர்க்காரர்கள் மட்டுமல்ல, வெளியூரிலிருந்து வருகிறவர்களும் படித்துப் பயன்பெறட்டும் என்று. கல் துண்டுகள் இன்னும் கிடைத்துவருகின்றன.

இரவுப்பறவை: 'எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்', சாக்ரடீஸ்?

அப்படியே சொல்லவில்லை. நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி'யில் சொல்வது: தெரியாததைத் தெரிந்ததாக நான் நினைத்துக்கொள்வதில்லை. இரண்டும் ஒன்றல்ல.

கணக்கு வாத்தியார்: பித்தாகரஸ் இந்தியாவுக்கு வந்து மறுபிறவிக் கொள்கையைக் கற்றுப் போனார் என்கிறார்களே?

வந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வந்தவர் யார் என்று கேளுங்கள், சொல்கிறேன்: பைரோ என்ற கிரேக்கத் தத்துவவாதி. அலெக்சாந்தரின் படையோடு வந்து இங்குள்ள ஆடையற்ற துறவிகளைச் சந்தித்தார் என்பது மரபு. திரும்பிப் போய், எதைப் பற்றியும் முடிவான தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே அமைதி என்றார். பௌத்தத் தாக்கமா என்பது அறிஞர்களிடையே ஓயாத சண்டை. சார்வாகம், ஆசீவகம் பற்றி மேலும் மூவர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை இந்தியத் தத்துவம் கற்றவரிடம் கேளுங்கள்.

ஆறாம் விரல்: சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். அவரை எதற்குத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

எழுதினார். 'அரசியல்' என்ற நூலின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. அடிமை என்பவன் உயிருள்ள உடைமை என்கிறார். மழுப்ப மாட்டேன்.

பழைய புத்தகம்: அவரவர் காலத்தை வைத்துத்தானே எடைபோட வேண்டும்? அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எல்லோருமா? அதே நூலில் அரிஸ்டாட்டிலே சொல்கிறார்: அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, சட்டத்தால் வந்தது, வன்முறையில் நிற்பதால் அநீதி என்று சிலர் கருதுகிறார்கள். அவர் பதில் சொல்ல உட்கார்ந்ததே அவர்களுக்கு. கடவுள் எல்லோரையும் சுதந்திரமாக விட்டார், இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்று அல்கிடமாஸ் என்ற பேச்சாளர் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஆகவே காலத்தின் மேல் பழி போட வழியில்லை. எதிர்வாதத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

ஆறாம் விரல்: பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்ற வள்ளுவர் எங்கே, இவர் எங்கே!

குறள் 972க்கு நான் எப்போதும் கைதட்டுவேன். ஆனால் அரிஸ்டாட்டிலை மறுக்க அவருடைய சொந்த வரிகளே போதும். சுதந்திரருக்கும் அடிமைக்கும் வெவ்வேறு உடலமைப்பைத் தரவே இயற்கை விரும்புகிறது, ஆனால் பலமுறை நேர்மாறாக நடந்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் யார் பிறவி அடிமை என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சந்தையில் விலைபேசுகிறவன் கண்டுபிடிப்பானா? வாதம் அங்கேயே உடைகிறது. அவருடைய உயிலைப் பாருங்கள்: ஓர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலையும் 500 திராக்மாவும்; தமக்குப் பணிவிடை செய்த சிறுவர்கள் யாரையும் விற்கக் கூடாது, வயது வந்ததும் தகுதிக்கேற்ப விடுவிக்க வேண்டும். பிறவி அடிமைக்கு விடுதலை எதற்கு?

பழைய புத்தகம்: அப்படியென்றால் படிக்கவே வேண்டாமா?

படிக்காமல் எப்படி உடைப்பீர்கள்? தவிர, கோழி முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, மூன்று பகலும் மூன்று இரவும் கடந்தபின் வெள்ளைக்கருவில் ரத்தப் புள்ளியாய் இதயம் துடிப்பதை எழுதிவைத்தவரும் இவர்தான். கண்ணால் பார்த்ததை எழுதும்போது இவருக்கு இணை குறைவு. ஊரார் வசதியைத் தத்துவமாக்கும்போதுதான் சறுக்குகிறார். இந்தச் சண்டையை இதோடு நிறுத்துவோம், வரிசையில் பலர் நிற்கிறார்கள்.

மாலைநேரம்: அலுவலகத்தில் மேலாளர் தொல்லை தாங்கவில்லை. ஸ்டோயிக் வழி உதவுமா?

அடிமையாகப் பிறந்த எபிக்டீட்டஸின் கையேட்டின் முதல் பத்தி: நம் கருத்து, விருப்பு, வெறுப்பு நம் வசம், உடல், சொத்து, பெயர், பதவி நம் வசத்தில் இல்லை. பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்காக எழுதிய குறிப்புகளில், இன்று நன்றிகெட்டவனையும் தலையிடுகிறவனையும் சந்திப்பேன் என்று காலையிலேயே சொல்லிக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் சம்பளம் நிறுத்தினால் தொழிலாளர் நீதிமன்றம் போங்கள், தத்துவத்தில் தேடாதீர்கள்.

சிறுதுளி: 'மாற்றம் ஒன்றே மாறாதது', ஹெராக்ளிட்டஸ்?

எந்த நூல்? அவர் பெயரில் மிஞ்சியிருக்கும் துணுக்கு: ஒரே ஆற்றில் இறங்குகிறவர்கள் மேல் வெவ்வேறு நீர் பாய்கிறது.

கொடிமுல்லை: 'இறந்தவர்களே போரின் முடிவைக் கண்டவர்கள்', பிளேட்டோ?

இல்லை. ஜார்ஜ் சந்தாயனா, 1922. முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்றால் யார் கேட்கிறீர்கள்!

தென்றல்: ஆமையை அகிலீஸ் முந்தவே முடியாது என்ற ஜீனோவும் ஸ்டோயிக்தானே?

அவர் இலியா ஊர் ஜீனோ, சுமார் ஒன்றரை நூற்றாண்டு முந்தியவர். டயோஜீனிஸிலும் பலர் உண்டு. ஊர்ப் பெயரோடு சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கத்துக்குட்டி: ஐயா, எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

'அப்பாலஜி'. ஒரு மாலையில் முடித்துவிடலாம். அடுத்து 'கிரிட்டோ', பிறகு 'ஃபீடோ'. எபிக்டீட்டஸ் கையேடும் எபிகூரஸ் மெனசியஸுக்கு எழுதிய கடிதமும் அளவில் சிறியவை, அருகருகே வைத்துப் படியுங்கள். பிளேட்டோவின் 'குடியரசு' பிறகு. அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' இப்போது வேண்டாம். அதை முதலில் எடுத்துவிட்டுத் தத்துவமே வேண்டாமென்று ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.