கோடை மழைக்குப் பிறகு ரோஜா, பாதாம் இலைகள் சல்லடையாகின்றன: என்ன செய்வது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் பண்ணை வீட்டைச் சுற்றி 10 சென்ட்டில் ரோஜா, செம்பருத்தி, நாட்டு பாதாம், புல்தரை வைத்திருக்கிறோம். மே மாத மழைக்குப் பிறகு இலையெல்லாம் ஓட்டையாகிவிட்டது. பகலில் தேடினால் ஒரு பூச்சியும் இல்லை. காலையில் மருந்து அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மண்ணுக்குள் வேரைத் தின்னும் வேர்ப்புழு வளர்ந்து ஆகும் வண்டுகளின் வேலை இது. பகல் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஏறி வந்து இலையைத் தின்று, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். காலையில் நீங்கள் மருந்து அடிக்கும்போது செடியில் வண்டே இருக்காது. அந்த மருந்தும் வெயிலிலும் அடுத்த மழையிலும் வீரியம் இழந்துவிடும்.

இன்று இரவு ஏழரை மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பழுப்பு நிற வண்டுகள் இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு மேய்வது தெரியும். வேலியோரம் வேப்பமரம் இருந்தால் அதை முதலில் பாருங்கள். இவற்றில் பல வேப்பிலையையே விரும்பித் தின்பவை. அதனால்தான் வேப்பெண்ணெய்க் கரைசலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்கிறேன்.

இந்த வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். முதல் நல்ல மழை பெய்ததும் கூட்டமாக வெளியேறி, இணை சேர்ந்து, மண்ணில் முட்டையிடும். அந்த முதல் வாரத்தில் எத்தனை தாய் வண்டுகளைப் பிடிக்கிறீர்களோ, அத்தனைக்கு வேர்ப்புழு குறையும். இந்த ஆண்டு தவறியிருந்தாலும் வண்டு வந்துகொண்டிருக்கும் வரை பிடியுங்கள்.

செடியடியில் பழைய வேட்டியோ தார்ப்பாயோ விரித்து, கிளையைப் பிடித்து ஓங்கிக் குலுக்குங்கள். பொலபொலவென்று உதிரும். உடனே அள்ளி, 10 லிட்டர் தண்ணீரில் 50 மில்லி மண்ணெண்ணெய் ஊற்றிய வாளியில் போடுங்கள். தாமதித்தால் பறந்துவிடும். தோட்டத்து அலங்கார விளக்குகளை அந்த நாட்களில் அணைத்து வையுங்கள். சில வகை வண்டுகளை வெளிச்சமே செடிக்கு அழைத்து வரும். விளக்குப்பொறி வைப்பதானால் செடிகளை விட்டுத் தள்ளி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் தொங்கவிட்டு, ஏழிலிருந்து பத்து மணி வரை எரிய விட்டால் போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் விழும்.

வளர்ந்த பாதாம் மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், திரும்பத் துளிர்க்கும். இளங்கன்றுகளுக்குத்தான் பாதுகாப்பு தேவை. மாலை ஆறு மணிக்குள் கொசுவலையால் மூடி, வலையின் அடியைத் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தரையில் அகலமாக விரித்து மண் அணைத்தால், உள்ளிருக்கும் மண்ணிலிருந்து கிளம்பும் வண்டு வலைக்குள்ளேயே மேயும்.

அடுத்து புல்தரை. திட்டுத் திட்டாக மஞ்சளித்து, இழுத்தால் பாய்போல் பெயர்ந்து வருகிறதா? ஓரடிக்கு ஓரடி, அரையடி ஆழம் தோண்டிப் பாருங்கள். பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் கொண்ட வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது வேர்ப்புழு. மெட்டாரைசியம் என்ற, புழுவைத் தாக்கிக் கொல்லும் பூஞ்சாணத்தின் பொடி அரை கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வைத்து, மாலையில் ஈரமண்ணில் தூவிக் கிளறிவிடுங்கள். மண் காய்ந்தால் பூஞ்சாணம் வேலை செய்யாது. பூஞ்சாணக்கொல்லியை அதோடு சேர்க்கவே கூடாது. மக்காத சாணத்தைச் செடிக்குப் போடாதீர்கள், வண்டு அதைத் தேடி வந்து முட்டையிடும்.

ரசாயன மருந்து கடைசி வழி. அடிக்கத்தான் வேண்டும் என்றால் வட்டார வேளாண் அலுவலர் சொல்லும் மருந்தை, அந்த அளவில், பொழுது சாயும் நேரத்தில் அடியுங்கள். ரோஜாவும் செம்பருத்தியும் பூத்திருக்கும்போது வேண்டாம், தேனீக்கள் சாகும்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலையின் ஓரம் மட்டும் பல்பல்லாக வெட்டுப்பட்டு, பகலிலேயே சாம்பல் நிறச் சிறு வண்டு தெரிந்து, தொட்டதும் செத்ததுபோல் கீழே விழுந்தால் அது சாம்பல் மூக்கு வண்டு. அதைக் காலை வெயிலுக்கு முன் குலுக்கிப் பிடிக்கலாம். அதன் புழுவும் வேரைத்தான் தின்னும் என்பதால் செடியடி மண்ணைக் கொத்தி, செடிக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள்.