மிஷின் இல்லாமல், வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரியும் குயில்ட்டும் பழகுவது எப்படி?

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன், தையல் மிஷின் கிடையாது, பள்ளியில் கைக்குட்டையில் பூப் போட்டதோடு சரி. எம்பிராய்டரி கிட் வாங்கித் தொடங்கலாமா, குயில்ட் எல்லாம் நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட் வேண்டாம். முதலில் போர்வை (குயில்ட் என்பது அதுதான்), அப்புறம் பூ. பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். நானும் தலைகீழாகத்தான் தொடங்கினேன்.

இரண்டு வருடம் முன்பு கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு, அதன்பிறகு ஒரு மாதம் கால் ஊன்றக் கூடாது. மதுரை வில்லாபுரத்தில் எங்களுக்கு மாடி வீடு. படி இறங்க முடியாமல் ஃபோனையே பார்த்துக் கண் எரிந்தபோதுதான் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். மர வளையம், ஐம்பது நிறத்தில் நூல், ரோஜா அச்சடித்த துணி. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பிரெஞ்ச் நாட் என்கிற புள்ளி முடிச்சைப் போடப் போய், ஊசியில் சுற்றிய நூல் பாதி வழியில் இறுகி, முடிச்சையும் நூலையும் சேர்த்து வெட்டியெறிந்தேன். சரி, எளிதாக ஏதாவது செய்வோம் என்று வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பு நூலால் செயின் ஸ்டிட்ச்சில் ஒரு கொடி ஓட்டினேன். நன்றாகவே வந்தது. துவைத்தேன். உறை முழுக்க ரோஸ் கலர்.

(இதற்கு மருந்து உண்டு. துணி காய்வதற்குள் மறுபடி குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். நான் வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு, சாயத்தை நானே நிரந்தரமாக்கிவிட்டேன். இப்போதெல்லாம் சிவப்பு, கருநீலம், கறுப்பு எது வாங்கினாலும் ஒரு துண்டு நூலை நனைத்து, வெள்ளைத்துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் கோர்ப்பது.)

எங்கள் அத்தை, அதாவது மாமியார், இதையெல்லாம் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். உறையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏத்தா, கைக்கு மொதல்ல நேர்கோடு வரட்டும். பூவு எங்க போயிறப் போகுது" என்றார். மறுநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு பழைய காட்டன் சேலைகளை எடுத்து மடியில் போட்டார். அதில் ஒன்று அரக்குச் சுங்குடி.

குயில்ட் என்றதும் நமக்கு யூடியூபில் வரும் நட்சத்திரமும் கட்டமுமாக வெட்டித் தைத்த மெத்தைதான் நினைவுக்கு வருகிறது. நடுவில் பஞ்சுப் படலம் வைப்பார்கள். அது மதுரைக்கு வேண்டாம், சித்திரை மாதத்தில் அதைத் தொடக்கூடத் தோன்றாது. பழஞ்சேலையை நாலு அடுக்காக வைத்து ஓட்டித் தைத்தால் போதும். கோடையில் கீழே விரித்துக்கொள்ளலாம், மார்கழியில் போர்த்திக்கொள்ளலாம். வங்காளத்தில் காந்தா என்று செய்வது அடிப்படையில் இதுதான். அந்தக் காலத்தில் தைக்கிற நூலைக்கூடக் கடையில் வாங்காமல், பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதும் நமக்குப் புதிதில்லை. தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்குகிற தொம்பையை அடுத்த முறை கிட்டே போய்ப் பாருங்கள், அத்தனையும் ஒட்டுத்துணி வேலை.

கணக்கு இப்படி. சேலை ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 அங்குலம். அகலம் 45 அங்குலம். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடத்தையும் குதிகால் பட்டுக் கிழிந்த இடத்தையும் விட்டுவிட்டு, ஏழரை அடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டலாம். ஒரு சேலையில் இரண்டு அடுக்கு, இரண்டு சேலையில் நாலு. ஒற்றைக் கட்டிலுக்குச் சரியான அளவு. கைலி மாதிரி மூட்டித் தைக்கிற வேலைகூட இல்லை. இரண்டு பக்கமும் சேலைக் கரையே ஓரமாகிவிடும், தலையையும் காலையும் மட்டும் உள்ளே மடித்து எம்மிங் செய்தால் போதும். வெட்டுவதற்கு முன் சேலையை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுவதும் போக அலசிவிடுங்கள். கஞ்சி இருக்கிற துணியில் ஊசி இறங்காது.

அடுக்குவதில்தான் நான் இரண்டாவது முறை சொதப்பினேன். கர்நாடகத்தில் வட கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள்; நாலு மூலையிலும் முக்கோணமாக ஒரு பூ வைக்காமல் விடமாட்டார்கள். வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர்கள் துண்டு துண்டாக வைத்து அவ்வப்போது மடித்துச் சரிசெய்துகொண்டே போகிறார்கள் என்பது மண்டையில் ஏறவில்லை. எனக்கு முழுச்சேலை நடுவில் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. ஒரு வாரத் தையலைப் பிரித்தேன். முழுத்துணியாக வைத்துத் தைப்பவர்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் போக வேண்டும். தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுத்து, ஒரு சாணுக்கு ஒன்றாக ஊக்கு மாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் இருபது ஊக்கு அத்தையின் வளையலிலிருந்தும் தாலிக்கொடியிலிருந்தும் வந்தவை.

இனி ஊசி. நம்பர் கூடக் கூட ஊசி சிறுத்துக்கொண்டே போகும், இது தெரியாமல் பத்தாம் நம்பர் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஏழு போதும். நூல் ஆங்கர் கம்பெனியோ டிஎம்சி கம்பெனியோ, ஒரு கண்டு எட்டு மீட்டர். அதில் ஆறு இழை ஒன்றாக இருக்கும். மூன்று மூன்றாகப் பிரித்தால் பதினாறு மீட்டர். மொத்தமாக இழுத்தால் சிக்கும், ஒவ்வோர் இழையாக உருவி மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு ஒரு வரி என்று 45 வரி ஓட்ட எட்டு கண்டு போதும்.

தையல் என்று பார்த்தால் ரன்னிங் ஸ்டிட்ச் ஒன்றுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆனால் நாலு அடுக்கில் அது வேறு மாதிரி. ஊசியைச் சாய்த்துக் குத்தினால் மேலே அழகாகத் தெரியும், கீழே இரண்டு அடுக்கு தப்பித்துவிடும். நேராகக் குத்துங்கள். அடியில் இடதுகை நடுவிரலை வைத்திருங்கள். ஊசிமுனை விரலைத் தொட்டதும், குத்துவதற்குள், மேலே திருப்பிவிட வேண்டும். அந்தத் தொடுகையை விரல் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாளாயிற்று, விரல்நுனி சல்லடை ஆயிற்று. அதன்பிறகு ஊசியில் நாலைந்து தையலை ஏற்றி ஒரே இழுப்பாக இழுக்க வரும். நாலு அடுக்கையும் உரசிக்கொண்டு நூல் வருகிற அந்தச் சர்ர்ர் என்ற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே அடுத்த வரியைத் தொடங்கலாம். முடிச்சு வெளியே தெரியக் கூடாது: சின்ன முடிச்சாகப் போட்டு, மேல்துணியில் மட்டும் குத்தி, வெடுக்கென்று ஓர் இழுப்பு. டப் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோடு போட எனக்குச் சாக்பீஸே தேவைப்படவில்லை. சுங்குடிப் புள்ளி வரிசைதான் கோடு. நம்மூர் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற சேலை அது. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இப்போது அச்சடித்ததையும் சுங்குடி என்றுதான் விற்கிறார்கள். கையால் கட்டிய புள்ளி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. வரிவரியாகத் தைத்துக்கொண்டு போனபோது, ஓர் இடத்தில் எட்டுப் பத்துப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றைவிடச் சிறியதாக, நெருக்கமாக இருந்தன. அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து கட்டியிருப்பார்கள், சின்னக் கை என்றார் அத்தை. இருக்கலாம்.

அங்குலத்துக்கு மூன்று தையல் என்றால் ஒரு வரிக்கு 270, மொத்தம் 12,150. முதல் வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, கடைசி வரிக்கு அரை மணி. காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை பால்கனி வெளிச்சத்தில் மட்டும் தைத்தேன். டியூப்லைட்டில் அரக்குத் துணியும் அரக்கு நூலும் ஒன்றாகவே தெரிகின்றன. பொழுது சாய்ந்த பிறகு அத்தை ஊசியைத் தொடவும் விடமாட்டார், விளக்கு வைத்தபின் ஊசி கேட்டால் பக்கத்து வீட்டில்கூடத் தரமாட்டார்கள். எப்படியோ என் கண்ணுக்கு அது நல்லதாய்ப் போயிற்று. எழுந்திருக்கும் முன் ஊசியை எண்ணிவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு முறை.

பத்தாயிரம் தையல் போட்ட கைக்கு எம்பிராய்டரி ஒரு விஷயமே இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கிட்டை மறுபடி எடுத்தேன், ரோஜா தானாக வந்தது. ஆனால் எனக்கு ரோஜா அலுத்துவிட்டது. நம் வீட்டுக் கோல நோட்டைவிட நல்ல டிசைன் புத்தகம் எது? போர்வையின் நாலு மூலையிலும் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டேன். செயின் ஸ்டிட்ச் வேண்டாம், கோடு கோட்டைக் கடக்கிற இடத்தில் புடைத்துக்கொள்கிறது. காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிட்ச்)தான் சரி. கடக்கிற இடத்தில் ஊசியை அடியால் விட்டு மறுபக்கம் எடுத்துவிடலாம். புள்ளிக்கு இப்போது பிரெஞ்ச் நாட் தைரியமாகப் போடுகிறேன். ஒரே சுற்று, நூலை இடதுகை விடாமல் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம்.

பார்த்தவர்கள் எல்லோரும் விற்கலாமே என்கிறார்கள். ஒரு போர்வைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கூலியை யாரும் தரமாட்டார்கள், பேரம் பேசினால் எனக்கும் கோபம் வரும். சம்பாதிக்க வேண்டுமென்றால் ஆரி ஒர்க் படியுங்கள், கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆள் தேடுகிறார்கள். அது வேறு ஊசி, வேறு தொழில், வேறு முதுகுவலி.

சாமான் வாங்க: மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடையெல்லாம் அங்கேதான் தைத்தார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஊசி, நூல், சாக்பீஸ் அங்கே பார்க்கலாம்.

பழஞ்சேலை இல்லாவிட்டால் தெருமுனை டெய்லரிடம் வெட்டுத்துணி கேளுங்கள், தூக்கிப்போடுவதுதானே என்று பையோடு கொடுத்துவிடுவார். பாதி பாலியஸ்டராக இருக்கும், பிரித்தெடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலுமாக வந்தால் காட்டன், வைத்துக்கொள்ளலாம். உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் கால்மிதிக்குப் போட்டுவிடுங்கள்.