இந்த எண் எங்கிருந்து வந்தது?

கணினிக் கேள்வி பதில் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. டேட்டாபேஸில் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) போட்டால் ஒரு பதில் வருகிறது, அது டேபிளின் எந்த வரியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். பிரிண்டர் கேள்விகள் அடுத்த மாதம்.

கேள்வி: சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாத அறிக்கையில் ஒரு வாடிக்கையாளருக்கு 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பில் போட்டதாக வருகிறது. கணக்குப் பிரிவில் 1,000 வெள்ளிதான் என்கிறார்கள். இரண்டும் ஒரே டேட்டாபேஸ். குவெரியை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்து டேபிள் ஜாயின் ஆகி, கடைசியில் ஒரு கூட்டல். மேலாளர் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: சரியாக இரண்டு மடங்கு என்றதுமே எனக்கு ஜாயின் மேல்தான், அதாவது டேபிள்களின் வரிகளைப் பொருத்தி இணைக்கும் இடத்தின் மேல்தான் சந்தேகம். தயவுசெய்து குவெரியை முதல் வரியிலிருந்து படித்துப் புரிந்துகொள்ள உட்காராதீர்கள், அடுத்தவர் எழுதிய ஐந்து டேபிள் குவெரி புரிவதற்குள் அடுத்த மாத அறிக்கையே வந்துவிடும். அந்த ஒரு வாடிக்கையாளரை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டலையும், வரிகளைத் தொகுக்கும் 'குரூப் பை' (GROUP BY) பகுதியையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு டேபிளின் முதன்மைச் சாவியையும் (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்), எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் செலக்ட் பகுதியில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

பெரும்பாலும் இப்படி ஏதாவது தெரியும். அவருக்கு இரண்டு பில், இரண்டுமே 500 வெள்ளி. முதல் பில்லின் சரக்கு துவாஸ், செனோக்கோ, சாங்கி என்று மூன்று நடையாகப் போயிருக்கும், இரண்டாவது ஒரே நடை. டெலிவரி டேபிளோடு ஜாயின் ஆனதும் முதல் பில்லின் வரி மூன்றாகிவிடும். ஆக நான்கு வரி, நான்கிலும் 500, கூட்டினால் 2,000. தவறான வரி என்று எதுவுமே இல்லை, ஒவ்வொன்றும் உண்மையான பில், உண்மையான நடை. அதனால்தான் இது யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் ஓடுகிறது.

இங்கே பலர் உடனே கூட்டலுக்குள், ஒரே மதிப்பு திரும்ப வந்தால் நீக்கும் டிஸ்டிங்க்டைச் செருகுவார்கள். செய்யாதீர்கள். இரண்டு பில்லும் 500 என்பதால் டிஸ்டிங்க்ட் அவற்றை ஒன்றாக்கி 500 என்று காட்டும். முதலில் 2,000, இப்போது 500, சரியான விடை 1,000. டெலிவரியை முதலில் ஒரு பில் எண்ணுக்கு ஒரே வரி என்று சுருக்கிவிட்டு அப்புறம் ஜாயின் செய்யுங்கள். டெலிவரி ஆனதா இல்லையா என்பது மட்டும்தான் வேண்டும் என்றால் ஜாயினே வேண்டாம், பொருந்தும் வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் போதும்.

மேலாளருக்குப் பதில் சொல்ல நிரந்தர வழி ஒன்று உண்டு. தொகைக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகைக்குள் போன பில் எண்களையும் ஒரு கட்டத்தில் கோத்து வையுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஸ்ட்ரிங்_ஆக், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் குரூப்_கான்கேட் இதைச் செய்யும். ஒரே பில் எண் மூன்று தடவை வந்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். குரூப்_கான்கேட் வழக்கமான அமைப்பில் 1,024 பைட்டோடு நறுக்கிவிடும், அந்த வரம்பைக் கூட்ட மறக்காதீர்கள். அலுவலகத்தில் யாராவது 'எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்' என்பார்கள். அது எந்த இண்டெக்ஸ் வழியாக, எந்த வரிசையில் வேலை நடக்கும் என்று சொல்லும். எந்த பில் தொகைக்குள் போனது என்று சொல்லாது.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். தரவின் மூலத்தைப் பற்றிய பாடத்தில் 'எங்கிருந்து', 'ஏன்', 'எப்படி' என்று மூன்று வகை சொன்னார்கள். முதல் இரண்டும் ஒன்றுதான் போலத் தெரிகிறது. எதற்கு இத்தனை வகை?
– வாசகி, குவீன்ஸ்டவுன்

பதில்: ஒன்று இல்லை, மா. ஒரு ஊழியர் டேபிள், ஒரு வேலைநேர டேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வேலைக்கு வருபவர்களின் பெயரைக் கேட்கிறீர்கள். ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயரின் எழுத்துகள் ஊழியர் டேபிளில் ஒரே ஒரு கட்டத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவை, அதுதான் 'எங்கிருந்து'. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அந்தக் கட்டத்தைத்தான் திருத்த வேண்டும். ஆனால் அந்தப் பெயர் பட்டியலில் இடம்பிடித்ததற்குக் காரணம் வேலைநேர டேபிளில் இருக்கும் சனிக்கிழமை வரியும்தான். அந்த வரியிலிருந்து ஒரு எழுத்துகூடப் பதிலுக்குள் வரவில்லை, ஆனாலும் அது இல்லாவிட்டால் பெயர் வந்திருக்காது. அது 'ஏன்'. பெயர் தப்பு என்பதும், இந்த ஆள் பட்டியலில் வந்ததே தப்பு என்பதும் இரண்டு வேறு புகார்கள், போய்த் தேட வேண்டிய இடமும் வேறு. இதைப் பிரித்து எழுதியவர்கள் பீட்டர் பியூன்மன், சஞ்சீவ் கன்னா, வாங்-சியூ டான் மூவரும், 2001-இல். டான் நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் என்பதை உங்கள் விரிவுரையாளர் சொன்னாரோ என்னவோ, நான் சொல்லிவைக்கிறேன்.

'எப்படி' என்பது 2007-இல் டாட் கிரீன், கார்வுனராக்கிஸ், வால் டேனன் மூவரும் கொண்டுவந்தது. எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எழுத்தைப் பெயராக வையுங்கள். ஜாயின் என்றால் பெருக்கல். ஒரே பதில் இரண்டு வழியில் கிடைத்தால் கூட்டல். ஊழியர் வரி 'ஊ', அவருக்குச் சனிக்கிழமை காலை வேலை 'க', மாலை வேலை 'ம' என்றால், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஊ×க + ஊ×ம என்று எழுதுகிறோம். இப்போது எல்லா எழுத்துக்கும் 1 போடுங்கள், விடை 2. டிஸ்டிங்க்ட் இல்லாமல் ஜாயின் செய்திருந்தால் பெயர் இரண்டு தடவை வந்திருக்கும் என்று அர்த்தம். காலை வேலை ரத்தாகிவிட்டதா, 'க'வுக்கு 0 போடுங்கள், ஊ×ம மிஞ்சுகிறது, பெயர் பட்டியலில் நிற்கும். 'ஊ'வுக்கு 0 போட்டால் மொத்தமும் போய்விடும். குவெரியைத் திரும்ப ஓட்டவே இல்லை, பாருங்கள். எழுத்துகளுக்குச் செலவைப் போட்டு, பெருக்கல் இருக்கும் இடத்தில் கூட்டி, கூட்டல் இருக்கும் இடத்தில் குறைந்ததை எடுத்தால் மிக மலிவான வழியும் கிடைத்துவிடும். உயர்நிலைப் பள்ளி இயற்கணிதம்தான். மொத்தத் தொகை, சராசரி போன்ற குவெரிகளுக்கு மட்டும் இது அப்படியே போதாது, அதற்கான நீட்டிப்பு 2011-இல் வந்தது. தேர்வுக்கு அதுவரை கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு தொண்டூழியர் குழுவில் உணவுப் பொட்டலம் பெறும் குடும்பங்களின் பட்டியலைக் கவனிக்கிறேன். பதிவு டேபிளில் இருக்கும் சில குடும்பங்கள் விநியோகப் பட்டியலில் வருவதில்லை. வந்ததைத் தேடலாம், வராததை எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, தஞ்சோங் பகார்

பதில்: நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்ததுமே ஒரு ஊகம் வந்துவிட்டது. விடுபட்ட குடும்பங்களின் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள், 0-இல் தொடங்குகிறதா? தஞ்சோங் பகார், சைனாடவுன் பக்கமெல்லாம் 05, 08 என்றுதான் தொடங்கும். யாரோ ஒருவர் பட்டியலை எக்ஸெலில் திறந்து சேமித்திருப்பார், அது குறியீட்டை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கியிருக்கும். ஒரு டேபிளில் ஆறு இலக்கம், இன்னொன்றில் ஐந்து. ஜாயின் இரண்டையும் பொருத்தாது, பிழை என்றும் சொல்லாது, குடும்பத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். உட்லண்ட்ஸ், ஈசூன் குடும்பங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், அதனால் சோதனைக்கு அங்கிருந்து எடுத்திருந்தால் தெரிந்திருக்கவே தெரியாது. அஞ்சல் குறியீட்டை எழுத்தாகவே சேமியுங்கள், ஏற்கெனவே சுருங்கியதற்கு எல்பேட் (முன்னால் பூஜ்யம் நிரப்பும் கட்டளை) போட்டு ஆறு இலக்கமாக்குங்கள்.

அது இல்லை என்றால், விடுபட்ட ஒரே ஒரு குடும்பத்தை எடுத்து, குவெரியின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பொருந்தியதை மட்டும் தரும் இன்னர் ஜாயினை, பொருந்தாததையும் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயினாக்கி, நிபந்தனைகள் இருக்கும் 'வேர்' (WHERE) பகுதியில் ஒவ்வொரு நிபந்தனையாக நீக்கி ஓட்டுங்கள். எதை எடுத்ததும் அந்தக் குடும்பம் தலைகாட்டுகிறதோ அதுதான் தடுத்தது. ஆய்வாளர்கள் அட்ரியேன் சாப்மனும் ஜகதீஷும் 2009-இல் எழுதிய கட்டுரையில் இப்படித் தடுத்த இடத்தைக் கருவி தானே கண்டுபிடிக்கும்படி ஆக்கிக் காட்டினார்கள், கையால் செய்தாலும் பத்து நிமிட வேலைதான். ஒருவேளை பட்டியல் முழுவதுமே காலியாக வந்தால், நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதவர்' என்ற நிபந்தனை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குள் இருக்கும் குவெரியில் ஒரே ஒரு வெற்று மதிப்பு இருந்தாலும் அது ஒருவரையும் பட்டியலுக்குள் விடாது. நாட் எக்ஸிஸ்ட்ஸுக்கு அந்தக் கோளாறு இல்லை.

கேள்வி: இதையெல்லாம் தானாகச் செய்யும் மென்பொருள் இல்லையா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: உண்டு. ஆனால் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தையில் 'லினியேஜ்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை எஸ்.கியூ.எல். (குவெரி எழுதும் மொழி) வாசகத்தைப் படித்து, இந்த அறிக்கையின் இந்த நெடுவரிசை அந்த டேபிளின் அந்த நெடுவரிசையிலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டுத் தரும். வங்கிகளுக்கு அது தேவை. ஆபத்துக் கணக்குகளுக்கான தரவைப் பற்றி, வங்கிக் கண்காணிப்புக்கான பாசெல் குழு 2013-இல் கொள்கைகளை வெளியிட்ட பிறகு அவர்களை இந்தக் கேள்வி விடுவதில்லை. ஆனால் தெம்பனிஸ் வாசகரின் 2,000 வெள்ளிக்கு அந்த அம்புக்குறி உதவாது, அங்கே நெடுவரிசை சரி, வரிகள்தான் பெருகிவிட்டன. வரி அளவில் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸுக்கு புரோவ்எஸ்கியூஎல் என்று ஒரு இலவச நீட்சி இருக்கிறது, மேலே சொன்ன பெருக்கல், கூட்டல் கணக்கை அதுவே வைத்துக்கொள்ளும். குவெரி மெதுவாகும். அலுவலகச் சர்வரில் நேரடியாக ஏற்றிவிடாமல் நகலில் முயன்று பாருங்கள்.

கேள்வி: ஒரு துணைப்பாட நிலையத்திலிருந்து என் கைபேசிக்கு அழைத்து, பெயரைச் சொல்லி, மகன் படிக்கும் வகுப்பையும் சொல்கிறார்கள். நான் எங்கேயும் பதிந்ததில்லை. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் 'சிஸ்டத்தில் இருக்கிறது' என்கிறார்கள்.
– வாசகர், பொங்கோல்

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம், சிஸ்டத்தில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்புதான் இல்லை. நாலைந்து பட்டியல்களை ஒன்றாக ஒட்டி, ஒரே கைபேசி எண் இரண்டு தடவை வந்தால் ஒன்றை அழித்திருப்பார்கள். அழித்த வரியோடு அது வந்த பாதையும் போயிருக்கும். சேர்க்கும்போதே எந்தப் படிவம், எந்தக் கோப்பு, எந்தத் தேதி என்று மூன்று நெடுவரிசை வைத்திருந்தால், ஒட்டும்போது இரண்டு பக்கத்துக் குறிப்பையும் காப்பாற்றியிருந்தால், தொலைபேசியில் பேசும் பிள்ளையாலேயே பதில் சொல்லியிருக்க முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் அதற்கென ஒரு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும், அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எங்கிருந்து பெற்றார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். 30 நாளில் தர முடியாவிட்டால், எப்போது தருவார்கள் என்பதையாவது அதற்குள் சொல்ல வேண்டும். விளம்பர அழைப்பு வேண்டாதவர்களுக்கான அழைப்புத் தடைப் பதிவேட்டில் உங்கள் எண் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள், காசு கிடையாது. தகவல் தருவதற்கு நிலையம் கட்டணம் கேட்கலாம், ஆனால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டை முதலில் எழுத்தில் தர வேண்டும், அது கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள்.