பதிவு செய்யாத குழு என்றால் கலைந்துவிட வேண்டுமா?

காவல் மரணம் பற்றிய உங்கள் அறிக்கையை நீக்கு, பதிவில்லாத குழுவைக் கலை என்று நோட்டீஸ் வந்ததாக எழுதியிருந்தீர்கள். பதறி எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் உங்கள் தரப்புச் சான்றும் சேர்ந்தே போய்விடும்.

முதலில், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அறிக்கையின் எந்த வாக்கியம் தவறு என்று கெடு முடிவதற்குள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். பல நோட்டீஸ்கள் இந்தக் கேள்வியிலேயே தடுமாறும்.

1998 ஐ.நா. மனித உரிமைக் காப்பாளர் பிரகடனத்தின் 5ஆவது பிரிவு, சங்கங்களோடு சாதாரணக் குழுக்களையும் சேர்த்தே சொல்கிறது. 6ஆவது பிரிவு தகவல் வெளியிடும் உரிமை. ஆனால் பிரகடனம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. உங்கள் நாடு குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், கருத்துரிமை பற்றிய அதன் 19ஆம் பிரிவும் சங்கம் சேரும் உரிமை பற்றிய 22ஆம் பிரிவும்தான் கனமான ஆயுதம். இந்த உரிமைகள் மீதான கட்டுப்பாடு சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட நோக்கத்துக்கு அவசியமானதாகவும் அளவுக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும். அவதூறு என்று மிரட்டினால் 19ஆம் பிரிவை விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் வெளியிட்ட பொதுக்கருத்து 34ஐக் காட்டுங்கள்: அவதூறுக்குச் சிறை ஒருபோதும் பொருத்தமான தண்டனை அல்ல என்கிறது.

மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய புகார்களைக் கவனிக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கும் எழுதலாம், உள்நாட்டு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாட்சிகளின் பெயர்களை மட்டும் இன்றே தனியாகப் பிரித்து வையுங்கள்.